இளகிய பின்பிறேக்கும் இறுக்கும் நட்டும்

யாழ்ப்பாணத்திலாயினும் வவுனியாவிலாயினும் மட்டக்களப்பிலாயினும் காலை ஏழு மணிக்கு வீதியோரத்தில் நின்று பார்ப்போருக்கு ஒன்று நன்கு புலப்படும். முன்னொரு காலத்திலே சைக்கிள் பெற்றிருந்த இடத்தை இன்று ஸ்கூட்டர் பெற்றுவிட்டது. ஆசிரியை பாடசாலைக்குச் செல்வதும், தாதி வைத்தியசாலைக்கு விரைவதும், தாய் தன் பிள்ளையை வகுப்பிலே விட்டுவிட்டு அப்படியே சந்தைக்குப் போய்வருவதும் இந்தச் சிறு வண்டியிலேதான். 2020 ஆம் ஆண்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலே மீண்டும் அனுமதிக்கப்படும் வரையும் புதிய வண்டி வாங்குவது பலருக்கு இயலாத காரியமாயிருந்தது. ஆகையினால் வயது சென்ற ஸ்கூட்டர்கள் பல இன்னமும் ஓய்வின்றி உழைத்து வருகின்றன. அத்தகைய வண்டியைப் பற்றி வீட்டார் அடிக்கடி கூறும் குறை யாதெனில், "பின்பிறேக் இளகிப்போச்சுது" என்பதே.

குறையைக் கூறி முடிக்குமுன்னே பரிகாரமும் நடந்துவிடுகிறது. வீட்டிலுள்ள மூத்த மகனோ சந்தியிலுள்ள கராச்சுப் பையனோ பின்சில்லின் அருகே குனிந்து, அங்கேயுள்ள நட்டை நாலு சுற்றுச் சுற்றிவிடுகிறான். பிறேக்பிடி மீண்டும் விறைப்பாகிறது. வண்டிக்காரருக்குத் திருப்தி, பையனுக்கும் ஒரு தேநீருக்குக் காசு. சில கிழமைகளின் பின் மீண்டும் அதே குறை, மீண்டும் அதே நாலு சுற்று. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, அது எதனால் வந்ததென்று விசாரியாமலே காலங் கழிப்பதை இது ஒக்கும். நட்டைத் திருகுவது பிழையென்று நாம் கூறவரவில்லை. அதனைத் திருகுமுன் ஏன் இளகியது என்று கேட்கவேண்டும் என்பதே நமது வழக்கு. ஏனெனில் அந்த நட்டுக்கு ஒரு தீய குணம் உண்டு. உள்ளே நடக்கும் தேய்வை அது வெளியே தெரியாமல் மறைத்துவிடும்.

உள்ளே நடப்பது

பெரும்பாலான சிறு ஸ்கூட்டர்களின் பின்சில்லின் நடுவிலே கிண்ணம்போல் குடைந்த ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. இதனை 'ட்றம்' என்பர். 1902 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்து லூயி ரெனோ மோட்டார் வண்டியிற் பொருத்திய ட்றம் பிறேக்கின் பேரப்பிள்ளை என்றே இதனைக் கொள்ளலாம். அந்தக் கிண்ணத்தினுள்ளே பிறைவடிவான இரண்டு துண்டுகள் எதிரெதிராக நிற்கின்றன. இவையே 'பிறேக் சூ' எனப்படுபவை. இவற்றின் வெளிமுதுகிலே உராய்வுக்கென 'லைனிங்' என்னும் ஒரு பூச்சுப்பட்டை ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு பிறைகளின் ஒருபக்க முனைகள் ஓர் ஆணியிலே தங்கியிருக்க, மறுபக்க முனைகளுக்கு நடுவே தட்டையான ஓர் உலோகத் துண்டு அகப்பட்டிருக்கிறது. மெக்கானிக்மார் இதனைக் 'காம்' என்பர். நாம் விளக்கத்துக்காக 'விரிப்பான்' என்போம்.

இடது கையாற் பிடியை அழுத்தும்போது பிறேக் வயர் இழுபடுகிறது; வயர் பின்சில்லருகே வெளியில் நிற்கும் ஒரு சிறு கையை இழுக்கிறது; அந்தக் கை விரிப்பானைத் திருப்புகிறது; விரிப்பான் பிறைகளை அகட்டுகிறது; பிறைகள் ட்றத்தின் உட்சுவரிலே உராய்ந்து சில்லை நிறுத்துகின்றன. பிடியை விட்டதும் சுருள்விற்கள் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு மீட்கின்றன. 1946 இலே இத்தாலியிலே பியாஜியோ கம்பனியார் வெளியிட்ட வெஸ்பா ஸ்கூட்டரில் பின்பிறேக்கை வலது காலால் மிதிக்கவேண்டியிருந்தது. இன்றைய கியரில்லாத வண்டிகளில் அந்த வேலை இடது கைக்கு வந்துவிட்டது. ஆள் மாறினும் உள்ளிருக்கும் பொறி மாறவில்லை.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். வண்டியும், ஓட்டுபவரும், பின்னிருக்கும் பிள்ளையும் சேர்ந்து 200 கிலோகிராம் எனக் கொள்வோம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகம் என்பது செக்கனுக்கு 10 மீற்றர். அவ்வேகத்தில் அவர்களின் இயக்கசக்தி 10,000 யூல். வண்டி நிற்கவேண்டுமாயின் இந்தச் சக்தியிற் பெரும்பங்கு பிறேக்குகளிலே வெப்பமாக மாறவேண்டும். 30 பாகை வெப்பநிலையிலுள்ள நீரில் இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலான அளவைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்த வெப்பம் போதும். சந்திக்குச் சந்தி, மாடு குறுக்கே வருந்தோறும், இந்த அளவு வெப்பத்தை வாங்கிக்கொண்டு தேய்ந்து போவதே லைனிங்கின் பிறவிப்பயன். எனவே தேய்வது குற்றமன்று. தேய்ந்ததை அறியாதிருப்பதே குற்றம்.

தேய்வு எத்துணைச் சிறிதாயினும் பிடியிலே பெரிதாகத் தெரியும். பிடி ஒரு நெம்புகோல். பின்னாலுள்ள கை இன்னொரு நெம்புகோல். விரலின் சிறு விசையைப் பன்மடங்காக்குவதற்கு இவை செலுத்தும் விலை, விரல் நீண்ட தூரம் நகரவேண்டும் என்பதே. ஆதலால் லைனிங்கிலே மயிரிழையளவு குறைந்தாலும் பிடியிலே விரற்கடையளவு இளக்கம் காணும். பிடி கடைசியிலே ஹாண்டிலில் முட்டிவிட்டால், அதன்மேல் எவ்வளவு பலத்தோடு அமுக்கியும் பயனில்லை. முட்டாவிட்டாலும், வெற்றிடத்தைக் கடக்க விரல் எடுத்துக்கொள்ளும் கால் செக்கனில் அந்த வண்டி இரண்டரை மீற்றர் ஓடிவிடும். ஒரு சைக்கிளின் நீளத்திலும் அது அதிகம்.

கேட்கவேண்டிய கேள்விகள்

பிறேக் மெல்ல மெல்ல இளகியதா, திடீரென இளகியதா? இதுவே முதற் கேள்வி. மாதக்கணக்கிலே சிறிது சிறிதாக இளகியதாயின் பெரும்பாலும் லைனிங்கின் தேய்வே காரணம். நேற்று மாலை நன்றாயிருந்து இன்று காலை இளகியதாயின் தேய்வின்மேற் பழியைப் போடவேண்டாம். வயரின் இழைகள் அறுந்திருக்கலாம். பின்கையைப் பிடித்திருக்கும் ஆணி கழன்றிருக்கலாம். வயரின் உறை அதன் இருக்கையிலிருந்து வெளியே வந்திருக்கலாம். இந்நிலையில் நட்டைத் திருகி வண்டியை ஓட்டுவது, அறுந்துகொண்டிருக்கும் கிணற்றுக் கயிற்றிலே பெரிய வாளியைக் கட்டுவதற்குச் சமானம். வயர் பெரும்பாலும் அறுவது பிடியின் அருகே, அதன் நுனியிலுள்ள உலோகக் குமிழ் பொருந்துமிடத்தில். பிடியை அழுத்தியும் விட்டும் அவ்விடத்தை வெளிச்சத்திலே பார்க்கவேண்டும். ஓர் இழை பிரிந்து முள்ளுப்போல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்த வயரின் ஆயுள் முடிந்தது என்றே கொள்ளுக.

அடுத்த கேள்வி, பிடி எங்கே, எவ்விதம் நிற்கிறது என்பது. வெகுதூரம் வந்து, பின் கல்லைத் தொட்டாற்போல் உறுதியாக நின்றால் அது சரிசெய்யத்தக்க இளக்கம். உறுதியாக நில்லாமல் இறப்பரை அமுக்குவதுபோல் நெகிழ்ந்துகொண்டே வந்தால் வயரின் உறை நசிந்திருக்கலாம், அல்லது பிறை ட்றத்தோடு முழுமையாகப் பொருந்தாதிருக்கலாம். அதனை நட்டு ஒருபோதும் தீர்க்காது.

பிடி தானாகத் திரும்பி வருகிறதா என்பதும் கவனிக்கற்பாலது. வராமல் தொங்குமாயின் அதுவும் கைக்கு இளக்கம்போலவே தோன்றும். ஆனால் நோய் நேர்மாறானது. வயரோ விரிப்பானோ துருவேறி இறுகியமையால் பிறை முழுவதும் மீளவில்லை. பிறேக் பாதி பிடித்தபடியே இருக்கிறது. பண்ணைப் பாலத்தால் நாள்தோறும் தீவுப்பகுதிக்குச் சென்றுவருவோரும், கல்லடி, திருகோணமலை போன்ற கடலோர ஊர்களில் வாழ்வோரும் இதனை விசேடமாக நினைவில் வைக்கவேண்டும். உப்புக்காற்று வயரின் உறைக்குள்ளே செய்யும் வேலையைக் கண்ணாற் காண இயலாது. இந்த நோய்க்கு நட்டை இறுக்கினால், ஏற்கெனவே உராய்ந்துகொண்டிருக்கும் பிறையை மேலும் உராயவிட்டவராவோம். சில்லு சூடேறும், பெற்றோல் வீணாகும், லைனிங்கின் முகம் கண்ணாடிபோல் மினுக்கமேறி, பிடிக்கும் சக்தியை இழக்கும்.

இனி, பிடி சரியான இடத்திலே உறுதியாக நின்றும் வண்டி நில்லாமற் போகுமாயின் அது இளக்கமே அல்ல. உராய்வு கெட்டுவிட்டது என்பதே அதன் பொருள். எண்ணெய், நீர், மினுக்கம் இம்மூன்றில் ஒன்று காரணமாயிருக்கும். இதைப்பற்றிப் பின்னர் கூறுவோம்.

முற்றத்திலே செய்யக்கூடியது

தேய்வினால் வந்த சாதாரண இளக்கத்தை வீட்டிலேயே சரிசெய்யலாம். உயர்தர வகுப்பு மாணவனோ மாணவியோ அரைமணி நேரத்திலே கற்றுக்கொள்ளத்தக்க வேலை இது. வண்டி ஆறியிருக்கவேண்டும். எஞ்சினை நிறுத்தித் திறப்பைக் கழற்றி வேறொருவரிடம் கொடுத்துவிடுவது உத்தமம். ஸ்ராண்டிலே நின்று பின்சில்லு சுழலும் வண்டியருகே விரலை வைத்துக்கொண்டு எஞ்சினை முடுக்குவது எக்காரணங் கொண்டும் கூடாது. மட்டமான சீமெந்து நிலத்திலே நடு ஸ்ராண்டில் வண்டியை நிறுத்தினால் பின்சில்லு நிலத்தைத் தொடாது நிற்கும்.

முதலில் அளக்கவேண்டும். பாடசாலை அடிமட்டம் ஒன்று போதும். பிடியின் நுனியை ஒரு விரலால் மெதுவாக இழுத்து, தடை தட்டுப்படும்வரை அது எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று பார்க்க. பெரும்பாலான சிறு ஸ்கூட்டர்களுக்கு இந்த வெற்றசைவு 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை இருக்கவேண்டும். உங்கள் வண்டியோடு வந்த கைந்நூலிலே வேறு அளவு கூறப்பட்டிருந்தால் அதனையே கைக்கொள்க. வெற்றசைவே இல்லாமல் இறுக்கவேண்டும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது பெருந்தவறு. ஓட்டத்திலே ட்றமும் பிறையும் சூடேறும்போது சிறிது இடமில்லாவிட்டால் பிறேக் தானாகவே பிடிக்கத் தொடங்கிவிடும்.

பின்சில்லின் இடப்பக்கத்திலே வயர் முடிவடையும் இடத்தில் பின்கையும் அதன் நுனியிலே அந்த நட்டும் இருக்கின்றன. வண்டியின் பின்புறமிருந்து நோக்க, மணிக்கூட்டு முள் சுழலும் திசையிலே திருகினால் வெற்றசைவு குறையும். பின்கையை மற்றக் கையால் சற்று முன்னே தள்ளிக்கொண்டால் நட்டு இலகுவாகச் சுழலும். அரைச்சுற்றுக்கு ஒருமுறை நிறுத்திப் பிடியை இரண்டு மூன்று தடவை நன்றாக அமுக்கிவிட்டு மீண்டும் அளக்கவேண்டும். அந்த நட்டின் முகத்திலே ஒரு வளைந்த பள்ளம் உண்டு. பின்கையிலுள்ள உருண்டை ஆணியின்மேல் அந்தப் பள்ளம் சரியாக அமர்ந்திருக்கவேண்டும். அமராமல் விளிம்பிலே நின்றால், வீதியிலே முதற் பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் நட்டு தன் இருக்கையிலே விழுந்து, பிறேக் மறுபடி இளகிவிடும். 'காலையிற்றான் இறுக்கினேன், மாலையில் இளகிவிட்டது' என்ற முறைப்பாடுகளிற் சிலவற்றுக்கு இந்தப் பள்ளமே காரணம்.

முடிவிலே பின்சில்லைக் கையாற் சுழற்றிப் பார்க்க. உள்ளிருக்கும் பற்சக்கரங்களின் மெல்லிய ஓசை கேட்கும், அது இயல்பு. ஆனால் உராயும் சத்தமோ, ஓரிடத்தில் மட்டும் பிடித்துப் பிடித்து விடுதலோ இருக்கலாகாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்திற் பிடிக்குமாயின் ட்றத்தின் வட்டம் கெட்டிருக்கிறது என்பதாம். இதன்பின் பிள்ளைகளை ஏற்றாமல், ஆள்நடமாட்டமற்ற ஒழுங்கையிலே மெதுவாக ஓட்டி இரண்டொரு தரம் நிறுத்திப் பார்க்கவேண்டும்.

இங்கே ஒரு விலக்கு. இந்தியாவிலே 2019 ஏப்ரல் முதல் 125 சீ.சீ. வரையான இருசில்லு வண்டிகளுக்கு இரு பிறேக்குகளையும் இணைக்கும் முறை கட்டாயமாக்கப்பட்டது. அங்கிருந்து வந்த சில வண்டிகளில் இடது பிடியை அமுக்கினால் முன்பிறேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். அத்தகைய வண்டியிலே பின் நட்டைத் தன் மனம்போலத் திருகினால் இரண்டுக்குமிடையிலுள்ள சமநிலை குலையும். அதனைப் பழகிய மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே உசிதம்.

அம்புக்குறி

வீட்டாரிற் பலர் காணாத ஒரு சிறு உபகாரம் பின்கையின் அடியிலே இருக்கிறது. விரிப்பானின் தண்டோடு சேர்ந்து திரும்பும் ஒரு சிறு அம்புக்குறியும், அதன் எதிரே அசையாத தகட்டிலே ஓர் அடையாளமும் பல ஸ்கூட்டர்களில் உண்டு. ஒருவர் பிடியை முழுவதும் அமுக்கிக்கொண்டிருக்க, மற்றொருவர் குனிந்து பார்க்கவேண்டும். அம்பு அந்த அடையாளத்தை எட்டிவிட்டதாயின் லைனிங் முடிந்தது. அதற்குமேல் நட்டு எவ்வளவு நீளம் மிஞ்சியிருந்தாலும் இறுக்கும் உரிமை நமக்கில்லை. கழற்றி அளப்பதாயின், புதிய லைனிங் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள வண்டிகளில் 2 மில்லிமீற்றரே எல்லை எனக் கொள்வது வழக்கம்.

அண்மையிலே திருநெல்வேலியில் ஒரு சிறு கராச்சிலே நாம் காத்திருந்தவேளை ஓர் ஆசிரியை வந்தார்.

"தம்பி, பின்பிறேக் இளகிப்போச்சுது. ஒருக்கா இறுக்கிவிடும்," என்றார்.

மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "இறுக்க இடமில்லை ரீச்சர். போனமுறையே சொன்னனான். சூ முடிஞ்சுது," என்றார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவேணுமே தம்பி. இந்தக் கிழமை மட்டும் ஒரு மாதிரிச் சமாளிச்சு விடுமன்."

"பள்ளிக்கூடம் போங்கோ ரீச்சர். இந்த ஸ்கூட்டரிலை போகாதேங்கோ."

அந்த இளைஞர் ஐந்து நிமிட வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மாலையிலே வந்து எடுத்துக்கொள்ளும்படி கூறி வண்டியை உள்ளே தள்ளினார். எல்லாக் கராச்சுகளிலும் இந்தக் கண்டிப்பை எதிர்பார்க்க இயலாது. ஆதலால் அம்பைப் பார்க்கும் வழக்கம் வண்டிக்காரரிடமே இருக்கவேண்டும்.

இறுக்க இடமில்லாத வேளையிலே செய்யப்படும் ஒரு தந்திரத்தையும் இங்கே வெளியிடுகிறோம். பின்கை விரிப்பானின் தண்டிலே பற்கள்மூலம் பொருந்தியிருக்கிறது. அதனைக் கழற்றி ஒரு பல் பின்னே மாற்றிப் பூட்டினால் பிடி புதிதுபோல் விறைப்பாகிவிடும். நட்டுக்கும் மீண்டும் இடம் பிறக்கும். வாடிக்கையாளர் மகிழ்வார். ஆனால் உள்ளே லைனிங் ஒரு துளியும் கூடவில்லை. பின்கையிலும் தண்டிலும் பொருத்தவேண்டிய அடையாளப் புள்ளிகளை உற்பத்தி செய்தோர் இட்டிருப்பது இதனைத் தடுப்பதற்காகவே. அளவுக்குமீறித் தேய்ந்த பிறைகளுக்கிடையிலே விரிப்பான் தன் எல்லைக்கு அப்பாலும் திரும்பும். திரும்பியது மீளாது நின்றுவிட்டால் ஓடும்போதே பின்சில்லு இறுகிவிடும். அதுவரை போகாவிட்டாலும், லைனிங் தீர்ந்து உலோகம் உலோகத்தோடு உரசும்போது ட்றத்திலே வடுக்கள் விழும். பல ஸ்கூட்டர்களில் ட்றம் பின்சில்லோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருப்பதால், இரண்டு பிறைகளின் விலையை மிச்சம் பிடித்தவர் சில்லு முழுவதையும் வாங்கவேண்டிவரும். இந்தத் தந்திரத்தை நாம் மன்னிக்கவில்லை. புள்ளிகள் நேராக நிற்கின்றனவா என்று வாசகர்கள் தத்தம் வண்டியிலே இன்றே பார்க்கலாம்.

எண்ணெயும் நீரும்

உராய்வு கெடும் காரணங்களிலே நீர் எளியது. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழை பொழியும் காலத்தில் வெள்ளம் நின்ற ஒழுங்கையைக் கடந்ததும் ட்றத்தினுள் நீர் புகுந்து பிறேக் வழுக்கும். பின்னால் வாகனம் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மெதுவான வேகத்திலே பிடியை இலேசாக அமுக்கியபடி சிறிது தூரம் ஓட்டினால் உராய்வின் வெப்பமே நீரை ஓட்டிவிடும். நட்டைத் தொடவேண்டியதில்லை.

எண்ணெய் அப்படியன்று. பின்சில்லின் அச்சருகே பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயைத் தடுத்துநிற்கும் சீல் பழுதானால், எண்ணெய் கசிந்து ட்றத்தினுட் சேரும். சில்லின் உட்புறத்திலோ ரயரின் பக்கத்திலோ கறுத்த ஈரம் தென்படுமாயின் அதுவே சான்று. எண்ணெய் குடித்த லைனிங்கை மண்ணெண்ணெயாலும் பெற்றோலாலும் கழுவி மீண்டும் பூட்டும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. லைனிங் பஞ்சுபோல் உறிஞ்சிய எண்ணெய் மேற்கழுவலாற் போகாது. சூடேறும்போது மீண்டும் வெளியே வரும். சீலையும் பிறைகளையும் ஒருங்கே மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வண்டியைக் கழுவியபின் பளபளப்புக்காக அடிப்பாகத்திற்கு எண்ணெய் விசிறும் வழக்கமுள்ள இடங்களிலே, பின்சில்லின் பக்கம் போகவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நன்று.

ட்றத்தைக் கழற்றும்போது உள்ளிருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதுவோரை எங்கும் காண்கிறோம். பழைய லைனிங்குகளிற் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் நுண்ணிழைகள் சுவாசப்பையிலே தங்கிப் பல ஆண்டுகளின் பின் புற்றுநோயை விளைவிக்கக்கூடியவை. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையிலே கட்டி எறிந்துவிடவேண்டும். பிள்ளைகள் அருகில் நின்று வேடிக்கை பார்க்கும் வேலை இதுவல்ல.

ஏன் விரைவாகத் தேய்கிறது?

இதற்கு விடை பெரும்பாலும் வண்டியிலே இல்லை. ஓட்டுபவரின் வலது கையிலே இருக்கிறது. முன்பிறேக்கை அமுக்கினால் தலைகுப்புற விழவேண்டிவரும் என்ற பயம் நம்மவர் மனத்திலே ஊறிவிட்டது. சைக்கிள் ஓட்டிய காலத்திலே வந்த பயமாயிருக்கலாம். ஆகையாற் பலர் வலது பிடியைத் தொடுவதே இல்லை. முழுப் பாரத்தையும் பின்பிறேக்கின் தலையிலே சுமத்துகின்றனர். பிறேக் பிடிக்கும்போது பாரம் முன்சில்லுக்கு மாறுகிறது. பின்சில்லு நிலத்தை அழுத்தும் அளவு குறைகிறது. எனவே பின்பிறேக் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது தனியே நின்று வண்டியை விரைவில் நிறுத்த வல்லதன்று. பலமாக அமுக்கினாற் சில்லு வழுக்கும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழகவேண்டும். மணல் படிந்த ஒழுங்கையிலும் திருப்பத்திலும் மட்டும் முன்பிறேக்கை அடக்கமாகப் பயன்படுத்துக. மகளுக்கு ஸ்கூட்டர் பழக்கும் தந்தைமார் முதல்நாளே இரண்டு கைகளையும் பழக்கிவிட்டாற் பின்பிறேக்கின் ஆயுள் நீளும்.

இடது பிடியிலே எந்நேரமும் இரண்டு விரல்களைப் போட்டுக்கொண்டு ஓட்டுவோரும் உளர். எச்சரிக்கை என்று அவர்கள் எண்ணுகின்றனர். பின்னாலே சிவப்பு விளக்கு ஓயாமல் எரிகிறது. பிறை இலேசாக உரசிக்கொண்டே வருகிறது. உண்மையாக நிறுத்தும்போது பின்வருபவருக்கு அறிவிக்க விளக்கும் இல்லை. பதுளை, ஹற்றன், நுவரெலியா ஆகிய மலைநாட்டு இறக்கங்களிலே இவ்வாறு தொடர்ந்து பிடித்தபடி இறங்கினால் ட்றம் சூடேறி, அடிவாரத்தை அடையுமுன் பிறேக் சோர்ந்துவிடும். முன்னும் பின்னும் விட்டுவிட்டுப் பிடித்து, வேகத்தை ஆரம்பத்திலேயே அடக்கிக்கொண்டு இறங்கவேண்டும்.

புதிய பிறைகள் பூட்டிய பின்னர் முதற் சில நாட்கள் பிறேக் சற்று மந்தமாகவே தோன்றும். லைனிங்கின் வளைவும் ட்றத்தின் வளைவும் ஒன்றோடொன்று இசையும்வரை அப்படித்தான் இருக்கும். அப்போது அவசரப்பட்டு இறுக்கவேண்டாம். இசைந்தபின் ஒருமுறை வெற்றசைவை அளந்து சரிசெய்தால் போதும். அன்றைய திகதியையும் கிலோமீற்றர் கணக்கையும் ஒரு கொப்பியிலே குறித்து வைத்து, பிற்பாடு ஒவ்வொரு முறை நட்டைத் திருகும்போதும் எத்தனை அரைச்சுற்று என்று எழுதிவருவது நல்லது. திருகும் இடைவெளி குறுகிக்கொண்டே வருமாயின் உள்ளே ஏதோ மாறிவிட்டது என்பதை அந்தக் கொப்பி முதலிலே சொல்லிவிடும்.

கராச்சிலே புதிய பிறைகளைப் பூட்டும்போது ட்றத்தின் உள்விட்டத்தையும் அளக்கும்படி கேட்கவேண்டும். சாதாரணமாகக் காணப்படும் 130 மில்லிமீற்றர் ட்றத்துக்கு 131 என்பதே கடைசி எல்லை; பல ட்றங்களில் அந்த எண் உட்புறத்திலே பொறிக்கப்பட்டிருக்கும். விரிப்பானின் தண்டுக்குக் கிறீஸ் பூசுவதாயின் நகக்கண்ணளவு போதும்; மிஞ்சினால் அது லைனிங்கிலே போய்ச் சேரும். பழைய பிறைகளைக் கடதாசியிலே சுற்றித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்க. ஈரத்துணியாற் துடைத்தபின் வீட்டு மாணவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்று மற்றதிலும் அதிகமாகத் தேய்ந்திருக்கக் காண்பர். சில்லு சுழலும் திசையோடு சேர்ந்து விரியும் பிறையை ட்றமே இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்கிறது. எதிர்த்து விரியும் பிறையைத் தள்ளிவிடுகிறது. எந்தப் பிறை எந்தப் பக்கத்திலிருந்தது என்பதை மெக்கானிக் கழற்றும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும்.